கூட்டுச் சாப்பாட்டில் பலவீனருக்கும் ஒரு பங்கு



நோன்பு காலம் வந்துவிட்டால் பதுளை நகரிலும், ஹாலிஎல, பசறை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கங்களிலும் வீட்டுக்கொரு பாத்திரம் சமைத்து எடுத்துவந்து, ஓரிடத்தில் கூடி நோன்பு திறக்கும் வழக்கம் நம் பெண்களிடம் உண்டு. குர்ஆன் தமாம், பெருநாள் ஒன்றுகூடல், மத்ரஸாப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் என்று மற்றக் காலங்களிலும் இப்படிக் கூடுகிறோம். நல்ல வழக்கம். அதில் பரக்கத் உண்டு.

ஆனால் அந்த விரிப்பைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ரோல்ஸ், கட்லட், சம்சா, பெட்டிஸ் என்று எண்ணெயில் பொரித்தவை பாதி. நெய்ச்சோறும் இறைச்சிக் கறியும் வட்டிலப்பமும் மீதி. ஓரமாக ஓர் உம்மும்மா பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் உட்கார்ந்திருப்பார். வயிற்றுப் புண்ணுக்கு மருந்து எடுக்கும் சகோதரி இருப்பார். பிள்ளைத்தாய்ச்சி இருப்பார். "ஏன் லாத்தா சாப்பிடவில்லை? ஒன்றும் ஆகாது, எடுங்கள்" என்று வற்புறுத்துவோம். மறுக்க வெட்கப்பட்டுச் சாப்பிட்டு, இரவெல்லாம் நெஞ்செரிச்சலோடு அவர் தராவீஹையும் ஸஹரையும் இழப்பார். அல்லது அரைப் பட்டினியோடு வீடு திரும்புவார்.

கூட்டுச் சாப்பாட்டின் நோக்கம் இதுவா? அஷ்அரீ கோத்திரத்தாரை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் இருக்கிறது. உணவு குறைந்துபோனால் அவர்கள் தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து, சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்களாம். அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள், தாமும் அவர்களைச் சேர்ந்தவர் என்று நபியவர்கள் கூறினார்கள். கவனியுங்கள், பங்கு சமமாக இருந்தது. ஒருவர் வயிறு நிறைய உண்ண, இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பது சமமான பங்கு ஆகாது.

நோயுற்ற வயிற்றுக்கு வேறு உணவு வேண்டும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. உம்முல் முன்திர் (ரழி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் வீட்டுக்கு நபியவர்கள் அலீ (ரழி) அவர்களோடு சென்றார்கள். அலீ (ரழி) நோயிலிருந்து அப்போதுதான் தேறி வந்திருந்தார்கள். வீட்டில் பேரீச்சங்குலைகள் தொங்கின. நபியவர்கள் அதில் உண்டார்கள். அலீயும் உண்ணத் தொடங்கியபோது, அவர் இன்னும் முழுமையாகத் தேறவில்லை என்று சொல்லித் தடுத்தார்கள். பிறகு அந்த அம்மையார் பார்லியும் பீட்ரூட் இனத்துக் கீரையும் சேர்த்துச் சமைத்து வந்தபோது, அதுவே அலீக்கு அதிகப் பயன் தரும், அதிலிருந்து எடுக்கட்டும் என்றார்கள். இதை அபூதாவூத், திர்மிதீ ஆகியோர் பதிவு செய்துள்ளனர்.

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரழி) அறிவிக்கும் இன்னொரு செய்தி புகாரியில் வருகிறது. மதீனாவில் வயதான ஒரு பெண்மணி ஜும்ஆ நாளில் அதே கீரையின் கிழங்கையும் கொஞ்சம் பார்லியையும் ஒரு சட்டியில் இட்டுச் சமைப்பார். ஜும்ஆ முடிந்து வரும் ஸஹாபாக்கள் ஸலாம் சொல்லிப் போய் அதைச் சாப்பிடுவார்கள். அதில் கொழுப்போ நெய்யோ கிடையாது. அந்தச் சட்டிக்காகவே ஜும்ஆ நாள் வருவதில் அவர்களுக்குச் சந்தோஷமாம்!

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நம் கூட்டங்களுக்குத் தோட்டப்புறங்களிலிருந்து வரும் சகோதரிகளும் உண்டு. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும், 2024 இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2024 இல் அந்தக் கூலி ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கும் போதவில்லை. மற்றவர்கள் புரியாணி கொண்டுவரும் இடத்துக்குக் கஞ்சியை எப்படி எடுத்துப் போவது என்று கூசி, வராமலே நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூசும் அந்தக் கஞ்சிதான் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் உம்மும்மாவுக்குத் தேவையான உணவு! அண்டை வீட்டாள் கொடுப்பது ஆட்டுக் குளம்பானாலும் அற்பமாக எண்ண வேண்டாம் என்று நபியவர்கள் பெண்களுக்கே விசேடமாகச் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்வோம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். நம் நாட்டில் நோன்பு 13 மணித்தியாலத்துக்கும் மேல் நீடிக்கிறது. அவ்வளவு நேரம் ஓய்ந்திருந்த இரைப்பைக்கு முதலில் போக வேண்டியது நீரும் இளஞ்சூடான மென்மையான உணவும்தான். கொழுப்பு இரைப்பையை விட்டு மெதுவாகவே வெளியேறும். அதனால்தான் பொரித்ததை நிறைய உண்டுவிட்டுத் தொழுகையில் குனியும்போது புளித்த ஏப்பம் மேலே வருகிறது.

பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் சேர்த்துக் குழைய வேகவைத்த கஞ்சி நல்லது. தேங்காய்ப்பாலை இரண்டாம் பாலாக அளவோடு விடுங்கள். இடியப்பமும் உறைப்பில்லாத சொதியும், வெலிமடைக் கேரட்டும் உருளைக்கிழங்கும் அவித்த சூப்பும், பப்பாளிப் பழமும், தயிரும் பலருக்கும் ஒத்துக்கொள்ளும். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் தொல்லை தருவதில்லை. கடலை, கௌபி கொண்டுவருவதானால் முதல் நாள் இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள், வாயு குறையும். நீரிழிவு உள்ளவருக்குக் குழைந்த கஞ்சியும் சீனியை ஏற்றும் என்பதால் அளவைக் குறைத்து, பருப்பும் மரக்கறியும் அதிகமாகக் கொடுங்கள்.

தூரத்திலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சமைத்த சோறும் தேங்காய்ப்பால் கறியும் 2 மணித்தியாலத்துக்கு மேல் வெறுமனே இருக்கக் கூடாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆறிய சோற்றில் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஹப்புத்தளைக் குளிரை நம்பியும் பாத்திரத்தை வைத்திருக்காதீர்கள். அந்தக் குளிரில் இறைச்சிக் கொழுப்பு உறையும். ஆனால் உணவு கெடாமல் இருக்க அது போதாது. பஸ்ஸில் வருகிறவர்கள் கஞ்சியை வாய் அகன்ற ப்ளாஸ்கில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடிக்கொண்டு வரலாம்.

கூட்டத்தை ஏற்பாடு செய்யும் சகோதரி, யார் என்ன கொண்டுவருவது என்று பேசும்போதே யார் யார் வருகிறார்கள் என்றும் கேட்கட்டும். மூன்று பாத்திரங்களில் ஒன்றாவது உறைப்பும் எண்ணெயும் குறைந்ததாக இருக்கட்டும். ஆறு பேர் ஒரே ஸஹனில் கைவைக்கும்போது நோயாளி தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே அவருக்குத் தனிக் கோப்பையில் முதலிலேயே பரிமாறிவிடுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அதை அவமதிப்பாக எடுக்காதீர்கள். உடும்பு இறைச்சி முன்வைக்கப்பட்டபோது நபியவர்கள் உண்ணவில்லை. அதே ஸுப்ராவில் காலித் இப்னுல் வலீத் (ரழி) உண்டார்கள். உண்ணாதவரும் உண்டவரும் ஒருவரையொருவர் குறை சொல்லவில்லை.

பாத்திரத்தை அடுப்பில் வைக்கும்போது, "இதைப் பார்த்து யார் மெச்சுவார்கள்?" என்று எண்ணாமல், "அங்கே வருபவர்களில் மிகவும் பலவீனமானவர் யார்? அவர் இதை உண்ண முடியுமா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நிய்யத்தோடு வைக்கும் சாதாரண கஞ்சிக்கும் நோன்பாளிக்கு உணவளித்த நன்மை கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் கூட்டங்களில் யாரும் பசியோடு திரும்பாமலிருக்க வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.