தென்காசி - குற்றாலம்: வீடு கட்ட அரசு பணம் தருது... இடத்துக்கு எங்கே போவது?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்தில் ரூம் கிடைப்பதே கஷ்டம். அது சில மாதப் பிரச்னை. வருடம் முழுக்க இதே ஊரில் பீடி சுற்றும் பெண்கள், கொத்தனார்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், லாட்ஜ் ஊழியர்கள் எங்கே குடியிருப்பது? மாதம் 15,000, 20,000 ரூபாய் வருமானத்தில் இங்கே சொந்த வீடு சாத்தியமா? பார்க்கலாம்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

2019 நவம்பர் 22-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. தாலுகா தலைமையிடமாக இருந்த ஊருக்கு மாவட்ட அலுவலகங்களும், கூடவே ஊழியர்களும் வந்தார்கள். 2018-ல் செங்கோட்டை - புனலூர் அகல ரயில் பாதை திறக்கப்பட்டது. நெல்லை - தென்காசி நான்குவழிச் சாலையும் சேர்ந்துகொள்ள, மனை வாங்க வெளியூர்க்காரர்களுக்கும் ஆர்வம் கூடுகிறது.

2011 கணக்கெடுப்பில் தென்காசி நகராட்சியின் மக்கள் தொகை சுமார் 70,000. அது மாவட்டம் உருவாவதற்கு 8 ஆண்டுகளுக்கு முந்தைய எண்ணிக்கை. எத்தனை வீடு தேவை என்று கணக்குப் போட இது போதாது.

அரசு என்ன தருகிறது?

நகராட்சி, பேரூராட்சிப் பகுதி என்றால் பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் 2.0 பதிப்பு. இது 2024-ல் தொடங்கியது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பம் தன் சொந்த இடத்தில் வீடு கட்டிக்கொள்ள, மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 2.5 லட்சம் ரூபாய் வரை தரும்.

கிராம ஊராட்சி என்றால் தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம். குடிசையில் இருப்பவர்கள் 360 சதுர அடியில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு.

பணம்தான் வருதே, அப்புறம் என்ன பிரச்னை?

இரண்டுக்குமே சொந்த இடம் வேண்டும், அதற்கான ஆவணம் வேண்டும். இடமே இல்லாதவருக்கு இந்த மானியம் கைக்கு எட்டாது.

ஒரு கணக்குப் போடுவோம். சென்ட் 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3 சென்ட் மனை 9 லட்சம். அதே மதிப்புக்குப் பத்திரம் போட்டால் 9 சதவீதக் கட்டணம், அதாவது 81,000 ரூபாய். 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும். இதற்காக 10 லட்சம் ரூபாய் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதம் சுமார் 9,000 ரூபாய் தவணை. 20,000 சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். வீடு இன்னும் கட்டவே ஆரம்பிக்கவில்லை!

அதனால்தான் பலர் விலை குறைந்த, அங்கீகாரமில்லாத மனைகளைத் தேடிப் போகிறார்கள். இப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. ஆனால் அது 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். வரன்முறை ஆகாத மனைக்கு வரைபட அனுமதியும் கிடைக்காது, வங்கிக் கடனும் கஷ்டம்.

மலை ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம்

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அடிவாரத்தில் ‘ஹாகா’ எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமங்களில் மனை போட தனி அனுமதி வேண்டும். மற்ற பக்கம் சிற்றாறும் குளங்களும் பாயும் நஞ்சை நிலம்.

விதியைத் தளர்த்தினால் விலை குறையுமே என்று கேட்கலாம். 2023 டிசம்பர் வெள்ளமும், 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்ததும் இந்த மலைத் தண்ணீரின் வேகத்தைக் காட்டின. இன்னொன்று, தளர்த்திய நிலத்தை யார் வாங்குவார்? சுற்றுலாத் தலத்தில் ரிசார்ட்டும் வார இறுதி பங்களாவும் கொடுக்கும் விலையைக் கூலித் தொழிலாளியால் கொடுக்க முடியாது.

என்ன செய்யலாம்?

ஒன்று: தென்காசி நகராட்சி, குற்றாலம், மேலகரம், இலஞ்சி பேரூராட்சிகள், சுற்றியுள்ள ஊராட்சிகள் எல்லாம் ஒட்டியே இருக்கின்றன. எல்லை தாண்டினால் திட்டமும் மாறுகிறது. எங்கே வீடு, எங்கே வயல், எங்கே வெள்ளப் பாதை என்பதை ஒரே வரைபடத்தில் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு: 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க விதி இருக்கிறது. சுமார் இரண்டரை ஏக்கருக்குக் கீழே துண்டு துண்டாகப் போட்டால் இது பொருந்தாது. அதைக் கண்காணிக்க வேண்டும்.

மூன்று: வாடகை வீடு. 2.0 திட்டத்தில் மலிவு வாடகைக் குடியிருப்புக்கும் இடமுண்டு. சீசன் வேலைக்கு வருபவர்களுக்கும் புதிதாக மாற்றலாகி வருபவர்களுக்கும் இதுதான் முதல் தேவை.

நான்கு: இடத்தேர்வு. சென்னையில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட பலருக்கு வீடு கிடைத்தது, பழைய வேலை தூரமாகிப் போனது. தென்காசியில் அது நடக்காமல் இருக்க, பஸ் வசதி உள்ள இடத்தில் அரசு நிலத்தை இப்போதே ஒதுக்கி வைக்க வேண்டும்.

மனை வாங்கும் முன் கவனிங்க

நகர் ஊரமைப்புத் துறை அனுமதி எண், பட்டா, வில்லங்கச் சான்று, ஹாகா பட்டியல் இந்த நான்கையும் பாருங்கள். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா பதிவும் தேவை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடியே இதையெல்லாம் சரிபார்ப்பது நல்லது.

வீட்டு மானியத்தை அடுத்த பட்ஜெட்டில்கூட உயர்த்தலாம். விற்றுப்போன நிலத்தைத் திரும்ப வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. தென்காசிக்கு அவசரம் இதில்தான்.