மலைக்கு எதற்கய்யா ஃப்ளாஷ்?

கார்த்திகை தீபத்தன்று ரமணாசிரமம் பக்கம் போய்ப் பாருங்கள். 2,668 அடி மலை உச்சியில் தீபம். கீழே நம்மவர்கள் பளிச் பளிச்சென்று ஃப்ளாஷ் அடிக்கிறார்கள். ஐயா, அந்த வெளிச்சம் 15 அடி போனாலே அதிகம்! முன்னால் நிற்பவரின் பின்மண்டைதான் ஜொலிக்கும். பக்கத்தில் கும்பிடும் பாட்டிக்குக் கண் கூசும்.

1950-ல் இதே ஆசிரமத்தில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், ஃப்ளாஷ் போடுவதே அநாகரிகம் என்றவர். நான் அந்தளவுக்குப் போகமாட்டேன். ஆசை இருந்தால் வீட்டு மொட்டைமாடியில் பழகுங்கள். காமிராவைக் கைப்பிடிச் சுவரில் ஆடாமல் வைத்து, ஷட்டரைப் பத்து செகண்ட் திறந்துவிட்டு, பையனை மாவலி சுற்றச் சொல்லுங்கள். முடியும்போது ஒரே ஒரு ஃப்ளாஷ். பொறி வட்டமும் விழும், அவன் சிரிப்பும் விழும். முதல் பத்துப் படத்தில் பேய் மாதிரிதான் இருப்பான். அந்தப் பத்தையும் திருவண்ணாமலையில் வந்து எடுக்காதீர்கள்!