திறந்தவெளி எங்களுக்கும்தான்

வீட்டுக்குக் கிட்ட ஒரு பெரிய பூங்கா இருந்தால் யாருக்கு நல்லது? பிள்ளைகளுக்கு என்போம், வயோதிபர்களுக்கு என்போம். பெண்களுக்கு என்று சொல்ல மட்டும் யோசிப்போம்.

நான் இருப்பது லிங்கநகரில். எங்கள் திருகோணமலை நகரத்தின் பெரிய பூங்கா என்றால் அது டச்சுக்குடாக் கடற்கரைதான். சைக்கிளில் போய்விடலாம். ஒரு பக்கம் கடல், தள்ளி பிரட்றிக் கோட்டை, இடையில் மேய்ந்து திரியும் புள்ளிமான்கள். காசு கொடுக்கத் தேவையில்லை. நாள் முழுக்க அடுப்படியில் நின்ற உடம்புக்கு அந்தக் காற்று பெரிய ஆறுதல்.

ஆனால் அது எங்களுக்குக் காற்று வாங்கும் இடம் மட்டுமல்ல. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, அங்குள்ள காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். பெற்ற வயிறுகள் இன்னும் நீதியைக் காணவில்லை.

அந்த நாட்களில் பொழுதுபடுமுன் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினோம். 2009இல் யுத்தம் முடிந்தது. ஆண் பிள்ளைகள் பந்தையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்தது. "இருட்டப் போகுது, சனம் என்ன சொல்லும்" என்கிறோம். கணவரை இழந்தவள் கடற்கரையில் தனியே இருந்தால் அதற்கும் ஒரு கதை கட்டுகிறோம். துவக்கு போட்ட பூட்டை இப்போது ஊர்வாய் காவல் காக்கிறது.

இது எங்கள் ஊரின் குறை மட்டுமல்ல. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1990களில் பூங்காக்களை ஆராய்ந்தார்கள். ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகு சிறுமிகள் வருவது குறைந்திருந்தது. பந்து விளையாடும் பையன்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இவர்கள் ஒதுங்கிப் போனார்கள். நகர நிர்வாகம் சிறுமிகளைக் குறை சொல்லவில்லை. இரண்டு பூங்காக்களைத் திருத்தியது. நடைபாதைகள் கூடின, கரப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கப்பட்டது, பெரிய வெளி சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. சிறுமிகள் திரும்பி வந்தார்கள்.

நாமும் கேட்கலாம். வெளிச்சம், சுத்தமான மலசலகூடம், இருக்க நிழலோடு வாங்குகள். இவை ஆடம்பரம் அல்ல. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே சபையில் எங்களைப் போன்ற பெண்கள் இருக்கிறார்கள். மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு கடிதம் எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு அவர்களிடம் கையளியுங்கள்.

கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கிழமையில் ஒரு பின்னேரம், நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். மகள்மாரையும் கூட்டிப் போங்கள். ஒருத்தி தனியே போனால் கதை வரும். பத்துப் பேர் ஒவ்வொரு கிழமையும் போனால் அது வழக்கமாகிவிடும். கொண்டுபோன பொலித்தீனை மட்டும் திருப்பிக் கொண்டு வாருங்கள், மான்கள் தின்றுவிடும்.

இழந்தவர்களை நினைத்து அழவும் அந்தக் கரை எங்களுக்கு வேண்டும். சிரிக்கவும் வேண்டும்.