கீத்துவா, அனிதாவா? ஒருவரைத்தான் எடுக்கலாம் என்றால்...

மே மாதம் பிறந்தால் திண்டுக்கல் நாகல் நகரில் பாஸ்கெட்பால் பைத்தியம் பிடித்தவர்களுக்கு வழி ஒன்றுதான். பஸ் பிடித்து, வத்தலகுண்டு வழியாகப் பெரியகுளம். அறுபது ஆண்டுகளைத் தாண்டி அங்கே நடந்துவரும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகளெல்லாம் வரும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஐ.ஓ.பி.யும் கடற்படையும் விமானப்படையும் மோதுவதைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்குத் திரும்பும் பஸ்ஸில் தூக்கம் வராது. வாக்குவாதம்தான். அதில் எந்த வருஷமும் தீராத ஒரு கேள்வி உண்டு. "உன் கையில ஒரு டீம் கொடுத்தா, முதல் ஆளா யாரை எடுப்பே? நெட்டையனையா, பந்தை வச்சு விளையாடுறவனையா?"

கேட்க விளையாட்டுக் கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால் இதே கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லி, நாற்பது வருஷமாகக் கேலிக்கு ஆளாகி நிற்கும் அணி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளி மைதானங்களிலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் இதே கேள்விக்கு யாரோ ஒரு பி.டி. சார் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பதிலில் சில பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். சில பிள்ளைகள் அத்தோடு பந்தைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள்.

கிரிக்கெட்டில் இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். 2008 பிப்ரவரியில் முதல் ஐ.பி.எல். ஏலத்துக்கு முன்பு, சென்னை அணியின் உரிமையாளர் தரப்பில் என்.சீனிவாசனின் மனதில் இருந்தவர் சேவாக். அணியைத் தேர்வு செய்த வி.பி.சந்திரசேகர் 'தோனிதான்' என்று பிடிவாதமாக நின்றார். பின்னாளில் அவரே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். சேவாக் டெல்லியின் ஐகான் வீரரானார். தோனி 15 லட்சம் டாலருக்குச் சென்னைக்கு வந்தார். மொத்தமாகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்டதே 50 லட்சம் டாலர்தான். அதில் முப்பது சதவிகிதத்தை ஒரே ஆளுக்குக் கொடுத்தார்கள். அது சரியான முடிவா என்று இன்று யாரும் கேட்பதில்லை.

கூடைப்பந்தில் இந்தத் தேர்வு இன்னும் சிக்கலானது. கிரிக்கெட்டில் பதினொரு பேர். எவ்வளவு பெரிய பேட்ஸ்மேனும் அவுட்டானால் பெவிலியனில்தான் உட்கார வேண்டும். இங்கே களத்தில் ஐந்தே பேர். நாற்பது நிமிட ஆட்டத்தில் நல்ல ஆட்டக்காரர் முப்பது, முப்பத்தைந்து நிமிடம் களத்தில் இருப்பார். அடிப்பதும் அவரே, தடுப்பதும் அவரே. அதனால் ஒரே ஒருவரால் அணியின் தலையெழுத்தே மாறும். மற்ற நால்வரும் அவருக்கு ஏற்ற மாதிரி தங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அப்படி ஒரு ஜோடி நம்மிடமும் இருந்தது. இருவருமே நாகல் நகர் மேம்பாலத்துக்குக் கீழே ரயில் ஓட்டும் அதே தெற்கு ரயில்வேக்கு ஆடியவர்கள். ஒருவர் கோட்டயத்துப் பெண் கீத்து அன்னா ஜோஸ். இன்னொருவர் சென்னைப் பெண் அனிதா பால்துரை. இருவரும் 1985 ஜூன் மாதம் பிறந்தவர்கள். அனிதா 22-ம் தேதி, கீத்து 30-ம் தேதி. எட்டே நாள்தான் வித்தியாசம்.

கீத்துவின் உயரம் 6 அடி 2 அங்குலம். வாலிபாலில் தொடங்கி கூடைப்பந்துக்கு வந்தவர். வளையத்துக்கு அடியில் அவர் கையில் பந்து போய்விட்டால் இந்தியாவில் தடுக்க ஆள் கிடையாது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கத்து ரிங்வுட் கிளப்புக்காக ஆடினார். 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளான சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் ஆன்டோனியோ மூன்றும் அவரைத் தேர்வு முகாமுக்கு அழைத்தன. இந்தியப் பெண் ஒருவருக்கு அது பெரிய விஷயம். 2014-ல் அர்ஜுனா விருது.

அனிதா கார்டு. பந்தை ஏந்தி வருவது, வெளியிலிருந்து குறி பார்த்துப் போடுவது, அடுத்தவருக்கு வழி செய்து தருவது. பதினைந்து வயதை ஒட்டி இந்திய அணிக்குள் வந்தவர், பத்தொன்பது வயதில் கேப்டன். எட்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பு. ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடிய முதல் இந்தியப் பெண். தேசியப் போட்டிகளில் மட்டும் முப்பது பதக்கம். 2012-ல் சீனாவின் ஹையாங்கில் நடந்த ஆசியக் கடற்கரை விளையாட்டில் மூவர் கூடைப்பந்தில் தங்கம், 2013-ல் தோஹாவில் மூவர் ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம். 2021-ல் பத்மஸ்ரீ வந்தபோதுதான் தமிழ்நாட்டில் பல பேருக்கு அந்தப் பெயரே தெரிந்தது. பதினெட்டு வருஷம் நாட்டுக்காக ஆடிய ஒருவரை, ஆடி முடித்து நான்கு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டோம்!

சரி, இருவரில் ஒருவர்தான் என்றால்?

வழக்கமான பதில் கீத்து. 'உயரத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது' என்பது கூடைப்பந்து கோச்சுகளிடம் பல காலமாகப் புழங்கும் பேச்சு. டிரிபிளிங் கற்றுத்தரலாம், பாஸ் கற்றுத்தரலாம். ஆறடி இரண்டு அங்குலத்தை எங்கே போய்க் கற்றுத்தருவது? வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருப்பவருக்கு வேலை சுலபம். இந்தக் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பி மாட்டிக்கொண்டவர்களின் கதையையும் கேட்க வேண்டும்.

1984 ஜூன். என்.பி.ஏ.வில் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நாள். முதல் வாய்ப்பு ஹூஸ்டனுக்கு. அவர்கள் ஹகீம் ஒலாஜுவானை எடுத்தார்கள். அதில் யாருக்கும் குறை இல்லை. இரண்டாவது வாய்ப்பு போர்ட்லேண்ட் அணிக்கு. அவர்கள் முன்னால் இரண்டு பெயர்கள். ஒருவர் ஏழடி ஒரு அங்குல உயரமுள்ள சாம் போவி. இன்னொருவர் ஆறடி ஆறு அங்குலம். பெயர், மைக்கேல் ஜோர்டான்.

போர்ட்லேண்ட் போவியை எடுத்தது. மூன்றாவதாக நின்ற சிகாகோ ஜோர்டானை எடுத்துக்கொண்டது. சிகாகோவுக்கு 1991 முதல் 1998-க்குள் ஆறு சாம்பியன் பட்டங்கள். போவி போர்ட்லேண்டில் இருந்த ஐந்து சீசன்களில் ஆடியது 139 ஆட்டங்கள். ஒரு சீசனுக்கே 82 ஆட்டம். கல்லூரியிலேயே கால் எலும்பு முறிவால் இரண்டு சீசன்களை இழந்தவர் அவர். அது தெரிந்தேதான் எடுத்தார்கள்.

முட்டாள்தனம் என்று இன்று சிரிக்கலாம். அன்று அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஜோர்டான் ஆடும் அதே இடத்தில் ஆட போர்ட்லேண்டிடம் ஏற்கெனவே கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார், அவரும் பின்னாளில் பெரிய நட்சத்திரம்தான். வளையத்தின் கீழ் ஆள் இல்லை. வீட்டில் அரிசி இருக்கிறது, பருப்பு இல்லை, அதனால் பருப்பு வாங்கினார்கள். ஆனால் அணியின் தூணைத் தேடும்போது மளிகைக் கணக்கு உதவாது. அங்கே கேட்க வேண்டியது, 'நம்மிடம் என்ன குறைகிறது' என்பதல்ல. 'இவர் வந்தால் மற்றவர்கள் எப்படி ஆவார்கள்' என்பதுதான். 1992 இறுதிப் போட்டியில் அதே டிரெக்ஸ்லரின் போர்ட்லேண்ட், ஜோர்டானின் சிகாகோவிடம் 4-2 எனத் தோற்றது என்பது இந்தக் கதையின் கொடுமையான பின்குறிப்பு.

பட்டும் திருந்தவில்லை. 2007-ல் போர்ட்லேண்டுக்கு முதல் வாய்ப்பே கிடைத்தது. இந்த முறை ஏழடி கிரெக் ஓடனா, வெளியிலிருந்து மழையாகப் பொழியும் கெவின் டுரான்டா? ஓடன். முதல் சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் அறுவை சிகிச்சை. போர்ட்லேண்டுக்காக அவர் மொத்தம் ஆடியது 82 ஆட்டம். டுரான்ட் 2014-ல் லீகின் சிறந்த வீரர், பிறகு இரண்டு சாம்பியன் பட்டங்கள். ஓடனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாவம். உடம்பு கைவிட்டால் மனிதர் என்ன செய்வார்? ஆனால் ஏழடி உடம்பின் பாரம் முழுவதையும் முழங்காலும் பாதமும்தான் தாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

உயரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது எதிரில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. கீத்து இந்தியாவில் சென்டர். அமெரிக்கப் பெண்கள் லீகில் ஆறடி இரண்டு என்பது ஃபார்வர்டின் உயரம். அங்கே அந்த உயரத்தில் இருப்பவர் வெளியே வந்து பந்தை உருட்ட வேண்டும், தூரத்திலிருந்தும் போட வேண்டும். அந்த மூன்று அணிகளில் எதிலும் கீத்துவுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆண்கள் லீகிலோ அதே ஆறடி இரண்டு, கிட்டத்தட்ட குட்டையன் கணக்கு. அந்த உயரத்தில் இருக்கும் ஸ்டீஃபன் கறியை 2009-ல் ஆறு பேருக்குப் பிறகு ஏழாவதாகத்தான் எடுத்தார்கள். அவரைச் சுற்றிக் கட்டிய கோல்டன் ஸ்டேட் அணி நான்கு முறை சாம்பியன்.

கறியிடம் நடந்தது கவனிக்க வேண்டிய விஷயம். அவர் பந்தைத் தொடாமல் சும்மா ஓடினாலே இரண்டு பேர் அவர் பின்னால் ஓடுகிறார்கள். மிச்சமிருக்கும் நான்கு பேரைத் தடுக்க மூன்று பேர்தான். சாதாரண ஆட்டக்காரருக்குக்கூட ஆளில்லாத இடம் கிடைத்துவிடுகிறது. வளையத்தின் கீழ் நிற்கும் சென்டருக்கும் இரண்டு பேர் காவல் வருவார்கள், உண்மைதான். ஆனால் அவர் கைக்குப் பந்து போய்ச் சேர்ந்தால்தானே! கொண்டு சேர்க்க ஒருவர் வேண்டும். சேர்க்கத் தெரியாத அணியில் கீத்து மாதிரி ஒருவர் கையை உயர்த்தியபடி நின்றுகொண்டிருப்பார், அவ்வளவுதான்.

அதனால் தீர்ப்பு அனிதா பக்கம்தான் சாயும். தனி ஆளாகப் பார்த்தால் கீத்து பெரிய ஆட்டக்காரர். அதில் இரண்டு கருத்து வேண்டாம். 2013-ல் பாங்காக்கில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியப் பெண்கள் ஐந்தாம் இடம் பிடித்தபோது அணியின் பலமே அவர்தான். ஆனால் ஒரு அணியைப் பத்து வருஷத்துக்குக் கட்டுவதென்றால், யார் எதிரே நின்றாலும் தேயாத ஒரு திறமையின் மேல் கட்டுவது நல்லது. அனிதா 2017 வரை இருந்தார். அந்த ஆண்டுதான் பெங்களூருவில் கஜகஸ்தானை 75-73 என்று வீழ்த்தி இந்திய அணி ஆசியாவின் முதல் பிரிவுக்கு ஏறியது. கீத்து ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும், பஸ் இன்னும் வத்தலகுண்டுகூடத் தாண்டவில்லை.

இப்போது பள்ளி மைதானத்துக்கு வருவோம். ஏழாம் வகுப்பில் இரண்டு பெண்கள் தேர்வுக்கு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். இன்னொருத்தி தோளளவு, ஆனால் பந்து அவள் கையில் ஒட்டிக்கொண்டு போகிறது. சாரின் விரல் பெரும்பாலும் உயரத்தைத்தான் காட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். பெண் பிள்ளைகளின் வளர்ச்சி ஆளுக்கு ஆள் முன்னே பின்னே இருக்கும். சிலர் பத்து, பதினோரு வயதிலேயே மளமளவென வளர்ந்துவிடுவார்கள். சிலருக்கு அது பதின்மூன்றில்தான் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்குப் பதினைந்து வயதுவாக்கில் வளர்ச்சி நின்றுவிடும். பன்னிரண்டு வயதில் நெட்டையாக நிற்பவள் பதினாறு வயதில் நடுத்தர உயரமாக இருக்கலாம். அவளை நான்கு வருஷம் வளையத்தின் கீழேயே நிறுத்தி வைத்திருந்தால், மற்றவர்கள் உயரத்தில் எட்டிப்பிடித்த நாளில் அவளிடம் உயரமும் மிஞ்சாது, பந்தை உருட்டும் வித்தையும் இருக்காது. நஷ்டம் வெளியே அனுப்பப்பட்ட குட்டைப் பெண்ணுக்கு மட்டுமல்ல, உள்ளே எடுக்கப்பட்ட நெட்டைப் பெண்ணுக்கும்தான்.

அமெரிக்காவில் ஆன்டனி டேவிஸுக்கு நடந்தது இதற்கு நேரெதிர். பள்ளியில் அவர் ஆறடி இரண்டு அங்குலத்தில் பந்தைக் கொண்டுவரும் கார்டாக இருந்தார். ஒன்றரை வருஷத்தில் எட்டு அங்குலம் வளர்ந்து ஆறடி பத்து அங்குலமானார். உயரம் வந்தது, கார்டாக இருந்தபோது கற்றது கையைவிட்டுப் போகவில்லை. 2012 டிராஃப்டில் அவர்தான் முதல் ஆள்.

இதற்குப் பெரிய செலவில்லை. பயிற்சியில் பத்து நிமிடம் நெட்டைப் பெண்ணின் கையில் பந்தைக் கொடுத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். முதலில் பந்து காலில் பட்டு ஓடும், ஓரத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அதே பத்து நிமிடம் குட்டைப் பெண்ணை வளையத்தின் கீழே நிறுத்தி, இடுப்பை இறக்கி, முதுகைக் கொடுத்து இடம் பிடிக்கச் சொல்லலாம். அடுத்த மே மாதம் இரண்டு பேரையும் பெரியகுளத்துக்குப் பஸ் ஏற்றிவிடலாம். டிக்கெட் எடுக்கும்போதே சண்டை ஆரம்பித்துவிடும்.