பிஞ்சுக் கரங்களில் துப்பாக்கியா?

சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் இளைஞர் ஒருவர் தம் தாயாரோடு நம் பங்கு இல்லத்திற்கு வந்திருந்தார். நாம் குருத்துவத் திருப்பொழிவு பெற்ற புதிதில் பணியாற்றிய பங்கில் பீடச் சிறுவராக இருந்தவர். இன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பொறியாளர். பழங்கதைகளைப் பேசி மகிழ்ந்தபின், தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பத்து வயது மகன், காதடைப்பான் அணிந்து, தோளில் துப்பாக்கியை அணைத்து நிற்கிறான். எதிரே தாள் இலக்கின் நடுவில் துளைகள். “குறி தவறுவதே இல்லை, சாமி” என்றார் தந்தை. அருகிலிருந்த தாயார் ஒன்றும் பேசவில்லை. விடைபெறும்போது மட்டும் மகன் காதில் விழாதவாறு கேட்டார்: “ஏன் சாமி, இது பாவமில்லையா?”

அன்று நாம் சொன்ன பதில் வெறும் மழுப்பல். அந்தத் தாய்க்கு நாம் பட்ட கடனை இப்பக்கங்களில் தீர்க்க முயல்கிறோம்.

மகனின் வாதத்தை முதலில் நேர்மையோடு எடுத்துரைப்போம். அமெரிக்காவில் வயது வந்தோரில் ஏறத்தாழ பத்துக்கு நால்வர் துப்பாக்கியுள்ள வீட்டில் வாழ்கிறார்கள். “என் பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் அது இருக்கும். அறியாமல் தொடுவதைவிட அறிந்து தொடுவது நல்லதல்லவா? நீச்சல் தெரிந்தவனைக் குளத்துக்கு அனுப்பலாம், தெரியாதவனை அனுப்பலாமா?” என்பது அவர் கேள்வி. இது கொடியவன் ஒருவனின் பேச்சன்று; மகன்மேல் அன்புகொண்ட தந்தையின் பேச்சு. ஆயினும் அது பிழையான பேச்சு என்றே நாம் உறுதியாகக் கருதுகிறோம்.

நீச்சல் உவமையையே எடுத்துக்கொள்வோம். நீச்சல் கற்ற சிறுவன் தவறினால் அவன்தான் மூழ்குவான். துப்பாக்கி கற்ற சிறுவன் தவறினால் மாள்வது பெரும்பாலும் மற்றொருவர். 2014ஆம் ஆண்டு அரிசோனா மாநிலத்தில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பயிற்றுநர் அருகில் நிற்க ஊசி என்னும் இயந்திரத் துப்பாக்கியைச் சுட்டாள். எதிர்விசையை அந்தப் பிஞ்சுக் கைகள் தாங்கவில்லை. துப்பாக்கி மேல்நோக்கித் திரும்ப, பயிற்றுநர் இறந்தார். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 2008இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அதே வகைத் துப்பாக்கியால், அதே விதமாகத் தன்னையே சுட்டு மாண்டான். தந்தை சில அடி தொலைவில் அக்காட்சியைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு இடங்களிலும் பயிற்சி இருந்தது, பெரியவர் இருந்தார், பாதுகாப்புக் கருவிகள் இருந்தன. இல்லாதிருந்தது ஒன்றுதான்: அந்தக் கருவியைத் தாங்கும் வயது.

“அவை பெரிய துப்பாக்கிகள், சிறுவர்க்கென்று சிறியவை உண்டே” எனலாம். உண்டுதான். ‘என் முதல் துப்பாக்கி’ என்னும் விளம்பர வாசகத்தோடு, பல வண்ணங்களில், சிறுவர் உடலளவுக்கேற்ப அங்கே அவை விற்கப்படுகின்றன. 2013இல் கென்டக்கி மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன், தனக்குப் பரிசாகக் கிடைத்த அத்தகைய துப்பாக்கியால் இரண்டு வயதுத் தங்கையைத் தற்செயலாகச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியைச் சிறிதாக்க முடிந்தவர்களால் மரணத்தைச் சிறிதாக்க முடியவில்லை.

அறிவு காக்கும் என்கிறார்கள். துப்பாக்கியைக் கண்டால் நின்றுவிடு, தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல் என்று குழந்தைகளுக்குக் கற்பிக்கும் திட்டமொன்றை 1988இல் அந்நாட்டுத் துப்பாக்கிச் சங்கமே தொடங்கியது. நல்ல நோக்கந்தான். ஆனால் 2004இல் குழந்தை மருத்துவ ஏடொன்றில் வெளியான ஆய்வு, சிறு குழந்தைகள் அவ்விதிகளை வாயால் ஒப்பித்தாலும், துப்பாக்கி கிடந்த அறையில் தனியே விடப்பட்டபோது அவற்றின்படி நடக்கவில்லை என்று கண்டது. இதை அறிய நமக்கு ஆய்வும் வேண்டுமோ? ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளைத் தடையின்றி ஒப்புவிக்கும் நம் சிறுவர்கள், அடுத்த நாழிகையில் ஆலய முற்றத்தில் பந்துக்காக அடித்துக்கொள்வதை வாரந்தோறும் காண்கிறோம். மனப்பாடம் வேறு, மனச்சான்று வேறு. பின்னது கனிய ஆண்டுகள் ஆகும்.

திருச்சபை இதை நன்கறியும். ஏழு வயது நிறைந்தவருக்குப் பகுத்தறிவு உண்டென்று கொள்ளும் அதே திருச்சபைச் சட்டம், பதினாறு வயது நிறையாதவர் குற்றம் செய்தாலும் அவரைத் தண்டனைக்கு உட்படுத்துவதில்லை. முழுப் பொறுப்பைச் சுமக்க இயலாத உள்ளம் என்று அன்னையாம் திருச்சபை யாரைப் பரிவோடு விலக்கி வைக்கிறாளோ, அவர் விரலிலா உயிரைப் பறிக்கும் வல்லமையை வைப்பது? சாவான பாவத்தின் சுமையைத் தாங்கும் முதிர்ச்சி இல்லாதவனைச் சாவின் கருவியைத் தாங்கச் சொல்வது எந்த நியாயம்?

தற்காப்பு முறையானது என்று புனித அக்குவினா தோமையார் கற்பித்தார் என்பார் உண்டு. உண்மையே, குருமடத்தில் நாமும் அதைப் படித்தோம். ஆனால் அவர் கற்பித்தது எல்லையோடு கூடிய உரிமை. தன் உயிரைக் காப்பதே நோக்கமாயிருக்க வேண்டும். தேவைக்கு மிஞ்சிய வன்மை கூடாது. தாக்குதலின் நடுவே இதை அளந்து பார்ப்பது முதிர்ந்தவருக்கே அரிது. பத்து வயதுச் சிறுவனிடம் அந்த விவேகத்தை எதிர்பார்ப்பது தோமையாருக்குச் செய்யும் மரியாதையன்று. அதே தோமையார், ஒரு செயலை மீண்டும் மீண்டும் செய்வதால் அது மனிதனில் பழக்கமாக ஊன்றுகிறது என்றும் கற்பித்தார். விரல் பழகுவது உள்ளத்திலும் பழகும்.

பயிற்சி பெற்ற சிறுவரெல்லாம் கொலையாளிகள் ஆவதில்லை. அப்படிச் சொன்னால் நாம் பொய்யராவோம். ஆனால் பயிற்சி நல்லொழுக்கத்தைத் தரும் என்ற வாக்குறுதி பொய்த்த இடங்களையும் மறைத்தலாகாது. 1998 மார்ச்சில் ஆர்க்கன்சா மாநிலத்தின் ஜோன்ஸ்பரோவில், பதின்மூன்றும் பதினொன்றும் வயதான இரு சிறுவர்கள் பள்ளியின் தீ அபாய மணி ஒலித்து வெளியே வந்தோரைச் சுட்டு, நான்கு மாணவியரையும் ஓர் ஆசிரியையையும் கொன்றனர். இளையவன் சிறுவயது முதலே துப்பாக்கி பழகியவன். ஆயுதங்கள் அவன் பாட்டனார் வீட்டிலிருந்து வந்தவை. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் இருபது குழந்தைகளையும் ஆறு பெரியவர்களையும் கொன்ற இளைஞனைப் பயிற்சிக்களத்திற்கு அழைத்துச் சென்றவர் அவன் தாயாரே. அன்று அவன் முதலில் கொன்றதும் அவரைத்தான். அந்நாட்டில் 2020 முதல், சிறுவரும் வளரிளம் பருவத்தினரும் இறப்பதற்கு முதற் காரணம் துப்பாக்கியே. சாலை விபத்துகூட அதற்கு அடுத்ததுதான்.

ஒலிம்பிக் பதக்கங்களைச் சுட்டிக்காட்டுவோருக்கும் ஒரு சொல். 2008இல் அபினவ் பிந்த்ரா பெற்ற தங்கமும், 2024இல் மனு பாக்கர் பெற்ற வெண்கலங்களும் காற்றழுத்தத் துப்பாக்கியால் பெற்றவை. தனிப்பட்ட களத்தில், கண்டிப்பான விதிகளுக்குள் நிகழும் விளையாட்டு அது. நம் நாட்டு ஆயுதச் சட்டமும் இருபத்தொரு வயது நிறையாதவருக்கு உரிமம் தருவதில்லை. பயிற்சிக்கு மட்டுமே விதிகளுக்குட்பட்ட விலக்கு உண்டு. விளையாட்டை நாம் பழிக்கவில்லை. வீட்டு அலமாரியிலுள்ள துப்பாக்கியைக் கையாளப் பிள்ளையைப் பழக்குவதையே எதிர்க்கிறோம்.

தமிழராகிய நமக்கு இதில் ஒரு தனி நினைவும் உண்டு. ஈழத்தில் 2009 வரை நீடித்த போரில் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் கையில் துப்பாக்கி திணிக்கப்பட்டது. விடுதலைப் புலிகள் அவர்களைப் படையில் சேர்த்ததைக் குழந்தைகளுக்கான ஐ.நா. அமைப்பு பதிவு செய்துள்ளது. டெக்சாஸ் தந்தையின் அன்பும் அந்தக் கட்டாயமும் ஒன்றென நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டிலும் ஒன்று பொது: பெரியவர்கள் தங்கள் அச்சத்தைத் தாங்களே சுமக்காமல் பிள்ளையின் தோளில் ஏற்றிவிடுகிறார்கள்.

கெத்சமனித் தோட்டத்தில் பேதுருவின் அன்பைவிட உண்மையான அன்பு யாருக்கு இருந்தது? அந்த அன்பே வாளை உருவியது. ஆண்டவர் அன்பை ஏற்றார். வாளை உறையில் போடச் சொன்னார். 2022 மே மாதம் டெக்சாஸின் உவால்டி பள்ளியில் பத்தொன்பது குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்ட மறுநாள், கட்டுப்பாடற்ற ஆயுதப் புழக்கத்திற்கு முடிவுகட்ட வேண்டிய நேரம் இது என்று திருத்தந்தை பிரான்சிஸ் வேண்டியதும் அந்த ஆண்டவரின் குரலின் தொடர்ச்சியே.

அப்படியானால் அந்தத் தந்தை என்ன செய்யலாம்? பிள்ளையை விளையாட அனுப்புமுன், அவ்வீட்டாரிடம் துப்பாக்கி உண்டா, பூட்டி வைக்கப்பட்டுள்ளதா என்று கூச்சமின்றிக் கேட்கலாம். திருப்தியான பதில் இல்லையேல் அந்தப் பிள்ளையைத் தம் வீட்டுக்கு அழைக்கலாம். தம் வீட்டில் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். இருந்தே தீருமெனில் அது பூட்டுக்குள்ளும், தோட்டாக்கள் வேறொரு பூட்டுக்குள்ளும் இருக்கட்டும். காவல் என்பது பெரியவரின் கடமை. அதைப் பிள்ளைக்குப் பாடமாக மாற்றிவிட்டுப் பெரியவர் ஓய்வெடுக்க இயலாது.

அம்மா, நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறோம். உங்கள் பேரனிடம் பாவமில்லை. அவன் தந்தையை மகிழ்விக்க விரும்பிய குழந்தை. உங்கள் மகனின் உள்ளத்தைத் தீர்ப்பிட நாம் யார்? ஆனால் அவர் செய்வது தவறு. அன்று அவர் காதில் விழாதவாறு எம்மிடம் கேட்டீர்கள். இனி அவர் காதில் விழும்படி அவரிடமே கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை எம்மைவிட உங்களுக்கே மிகுதி.