ஆயத்த உறுப்புகள்

இணையச் செயலிகளின் முகப்பை அமைப்போர், பொத்தான், பட்டியல், நாட்காட்டி முதலியவற்றைத் தாமே இயற்றாது, பிறர் இயற்றிவைத்த உறுப்புத் தொகுதிகளினின்றும் எடுத்தாளுதல் இக்காலத்து வழக்கமாயிற்று. இவ்வழக்கத்தை நாம் குறைகூற வந்தோமல்லோம். ஆயின், அழகொன்றையே கண்டு ஒரு தொகுதியைத் தெரிந்துகொள்ளுதல் தகாதென்பது நமது அபிப்பிராயம்.

சீனதேசத்தில் தோன்றிய ஆண்ட் டிசைன் என்னுந் தொகுதியை அலுவலகங்கள் பல கைக்கொண்டுள்ளன. 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், அதனைக்கொண்டு அமைத்த செயலிகளிற் பலவற்றில் பொத்தான்கள்மீது வெண்பனி படிந்து தோன்றியது! தொகுதியை இயற்றியோர் முன்னரே மறைவாய்ச் சேர்த்துவைத்த விளையாட்டு அது. செயலியை அமைத்த நிரலாளரோ யாதுமறியாது திகைத்தனர். இயற்றியோர் பின்னர் மன்னிப்பு வேண்டி அதனை நீக்கினர். கிறிஸ்து பிறப்புத் திருநாளை நாமும் உவகையோடு கொண்டாடுவோமே. எனினும், அயலார் வீட்டு வாயிலில் அவரைக் கேளாது தோரணங் கட்டலாமோ?

ஆகவே, தொகுதியை ஆராய்வோர் அதன் மூலநிரலைத் திறந்து நோக்கக் கடவர்; புதுப்பதிப்பை ஏற்குமுன் மாற்றங்களை வாசிக்கக் கடவர்.

நிற்க. சுட்டியைத் தொடாது, விசைப்பலகையால் மாத்திரம் நாட்காட்டியில் ஒரு தேதியைத் தெரிந்து பார்ப்பாராக. கண்பார்வையற்றோர் பலர் செயலியைக் கையாளுவது அவ்வாறே. காட்சிக்கு மிளிருந் தொகுதிகளுட் சில இவ்விடத்தே தடுமாறி நிற்கின்றன.