சோற்றுக்கு முன் ஒரு டம்ளர் சூப்!

மும்பைக்கு வரும்போது நம்மவர்கள் ஒல்லியாகத்தான் வருகிறார்கள். பத்து வருடத்தில் தொப்பை விழுகிறது. அடுத்து சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் வந்து சேருகின்றன. குமாஸ்தாக்களுக்கு மட்டும் வரும் நோய்கள் அல்ல இவை. பட்டறைத் தொழிலாளியையும் இவை விட்டு வைப்பதில்லை.

ஊரிலும் இதே கதைதான். 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அதிக எடை உள்ளவர்கள். ஊரை விட்டு வந்தவனுக்கு உடம்புதான் மூலதனம். அவன் படுத்துவிட்டால் இங்கே அறை வாடகை பாக்கி விழும். அங்கே குடும்பத்துக்குப் பணம் போவது நிற்கும்.

இதனால் எடையைக் குறைக்க ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். அதில் ஒன்று சூப். ஏழு நாள் முட்டைக்கோஸ் சூப் மட்டுமே குடித்தால் உடம்பு இளைத்துவிடுமாம்! இளைப்பது உண்மைதான். ஆனால் அப்படிக் குறைவதில் பெரும்பகுதி உடம்பில் உள்ள நீர். பழையபடி சாப்பிடத் தொடங்கினால் பழைய எடையும் திரும்பிவிடும். கொழுப்பைக் கரைக்கும் சக்தி எந்த சூப்புக்கும் கிடையாது.

அப்படியானால் சூப் வீணா? இல்லை. எப்போது குடிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியை பார்பரா ரோல்ஸ் குழுவினர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1999ல் வெளியான ஆய்வில், ஒரு பண்டத்தைச் சாப்பிட்டுத் தண்ணீரைத் தனியாகக் குடித்தபோது அடுத்து வந்த மதியச் சாப்பாடு குறையவில்லை. அதே பண்டத்தில் அதே தண்ணீரைச் சேர்த்து சூப்பாகக் கொடுத்தபோது குறைந்தது! 2007ல் வெளியான இன்னோர் ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தபோது, சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் உணவின் கலோரி 20 சதவீதம் குறைந்தது. வயிற்றில் சூப் முதலில் இடம் பிடித்துக்கொள்கிறது. சோற்றுக்கு இடம் குறைகிறது. ரகசியம் இவ்வளவுதான்.

இது நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் நம்மிடம் கற்றுக்கொண்டு சீமைக்குக் கொண்டுபோன 'முல்லிகட்டானி' சூப்பின் பெயரே நம்முடைய 'மிளகுத் தண்ணி'யில் இருந்து வந்ததுதான். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? சாம்பாருக்கு ஒரு முறை சோறு வாங்குகிறோம். ரசத்துக்கு மறுமுறை, மோருக்கு மூன்றாம் முறை. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி இருக்கிறது. சோற்றைக் குறைக்க வேண்டிய ரசமே இன்னொரு தட்டுச் சோற்றுக்குச் சாக்காகிவிடுகிறது.

"மூட்டை தூக்குகிறவனுக்கு சூப் போதுமா?" என்று கேட்பார்கள். போதாது. சூப்பைக் குடித்துவிட்டுப் பட்டினி கிடக்க யாரும் சொல்லவில்லை. சூப்புக்குப் பிறகு சாப்பாடு உண்டு. பருப்பு, முட்டை, சுண்டல், காய்கறியைக் குறைக்க வேண்டாம். மூன்றாம் முறை சோற்றை விட்டால் போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது.

எல்லா சூப்பும் நல்லதும் அல்ல. ரெயில் நிலைய வாசலில் 'சைனீஸ்' வண்டிக்காரர் தரும் மஞ்சாவ் சூப்பில் சோள மாவைக் கரைத்து ஊற்றி, பொரித்த நூடுல்சையும் மேலே தூவுகிறார்கள். பாக்கெட் சூப்பில் உப்பு அதிகம். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நல்ல சூப்புக்குப் பணம் அதிகம் தேவையில்லை. அறையில் ஒரு குக்கர் இருந்தால் போதும். கைப்பிடி பாசிப்பருப்பு, இங்கே 'தூதி' என்று விற்கும் சுரைக்காய், ஏதாவது ஒரு கீரை, நாலு பல் பூண்டு, மிளகு, சீரகம் போட்டு வேகவைத்துக் கடைந்துவிடலாம். சக்கையை வடிகட்ட வேண்டாம். பசி தாங்குவதற்கு அதுவும் உதவும். வெண்ணெய் வேண்டாம். சுரைக்காய் கசந்தால் மட்டும் தூக்கி எறிந்துவிட வேண்டும். கசக்கும் சுரைக்காய் விஷம்.

மெஸ் நடத்தும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்யாண் லோக்கலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டு வருகிறவன், கொலைப்பசியோடு தட்டின் முன் உட்காருகிறான். எதை முதலில் வைத்தாலும் அதை அள்ளித்தான் சாப்பிடுவான். அவனுக்கு முதலில் ஒரு டம்ளர் ரசமோ கீரை சூப்போ கொடுங்கள். பிறகு சோறு போடுங்கள். உங்களுக்கும் அரிசி மிச்சமாகும்!

இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் ஆபத்து என்கிறார்கள் மருத்துவர்கள். வீட்டில் ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்கள். தாண்டியிருந்தால் இன்று இரவே ரசத்தைச் சோற்றுக்கு முன்னால் குடிக்கத் தொடங்குங்கள்!